வெள்ளித்திரை ஒற்றர்கள் – 17: பனிமலையில் கைவிட்ட படம்

ஜப்பானிய எரிமலையின் உட்புறமாகக் கலை இயக்குநர் கென் ஆடம் எழுப்பிய செட்டோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். 1967-இல் வெளியான ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்துக்காக, லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டூடியோ வளாகத்தில் எழுந்த அந்த ஒரு செட்டுக்கு மட்டும் சுமார் 10 லட்சம் டாலர் ஆனது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ‘டாக்டர் நோ’ முழுப் படமும் ஏறக்குறைய அதே தொகையில் முடிந்திருந்தது. இவ்வளவு கொட்டியும் வசூல் இறங்கியது. 1965-இல் வந்த ‘தண்டர்பால்’ உலகெங்கும் 14 கோடி டாலர் ஈட்டியிருக்க, எரிமலைப் படம் 11 கோடியில் நின்றுவிட்டது. பாண்ட் வேடத்தில் சலித்துப்போயிருந்த ஷான் கானரி, தான் விலகப்போவதைப் படம் முடிவதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

அங்கிருந்து 1981 வரையிலான காலத்தை இந்த இதழில் பார்க்கலாம். பாண்ட் வரிசையின் பெரிய வசூல்கள் சிலவும் பலவீனமான படங்கள் சிலவும் இந்தக் காலத்தில்தான் வந்தன. வரிசையிலேயே தலைசிறந்த படமும் இதற்குள்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. வந்த நேரத்தில் அதைக் கொண்டாட ஆளில்லை. அதன் வசூலைத் தயாரிப்பாளர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதுதான் அடுத்த பத்து ஆண்டுப் படங்களின் தலையெழுத்தையே தீர்மானித்தது.

முதலில் சந்தை நிலவரம். 1964-இல் ‘கோல்ட்ஃபிங்கர்’ வந்தபோது நியூயார்க்கில் ஒரு தியேட்டர் இரவு பகலாக 24 மணி நேரமும் அதை ஓட்டியது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து எல்லோரும் ஒற்றர் படத்தில் இறங்கினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ‘தி மேன் ஃப்ரம் அங்கிள்’ போக, தியேட்டர்களில் மேட் ஹெல்மும் ஃபிளிண்டும், இத்தாலியிலும் பிரான்ஸிலும் கணக்கில்லாத நகல்கள். நம் பக்கம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் ‘வல்லவன் ஒருவன்’ எடுத்தது. ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்ற பட்டம் நிலைத்தது இந்த அலையில்தான். 1967-இல் பாண்டையே கிண்டல் செய்யும் ‘கேசினோ ராயல்’ என்ற படமும் வேறொரு தயாரிப்பில் வந்துவிட்டது. ஒரே சரக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கும்போது முதல் கடைக்காரருக்கு வியாபாரம் குறைவது இயல்புதான். எரிமலைப் படத்தின் வசூல் சரிந்ததற்கு அந்தப் படத்தின் குறைகளைவிட இந்த நெரிசலே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

தயாரிப்பாளர்களான ஆல்பர்ட் பிராக்கொலியும் ஹாரி சால்ட்ஸ்மேனும் அடுத்த படத்தை பீட்டர் ஹண்டிடம் கொடுத்தார்கள். அதுவரை அவர் ஒரு படம்கூட இயக்கியதில்லை. ஆனால் முதல் நான்கு பாண்ட் படங்களின் எடிட்டர் அவர்தான். பாண்ட் படம் என்றதும் நம் மனத்தில் ஓடும் அந்த வேகம் ஹண்டின் மேசையில் பிறந்தது. ஒரு பாத்திரம் நாற்காலியிலிருந்து எழுந்து, கதவுவரை நடந்து, திறந்து, படியிறங்கி, காரில் ஏறிக் கிளம்புவதை முழுதாகக் காட்டுவது அன்றைய வழக்கம். ஹண்ட் நாற்காலியிலிருந்து நேரே ஓடும் காருக்குத் தாவுவார். சண்டைக் காட்சியில் கை ஓங்குவதற்கும் அடி விழுவதற்கும் இடையிலுள்ள சில பிரேம்களை உருவி எடுத்துவிடுவார். கண் எதையோ தவறவிட்டது போலிருக்கும், அடி பலமாக விழுந்தது போலும் இருக்கும். ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ படத்தின் ரயில்பெட்டிச் சண்டையை இன்று போட்டுப் பார்த்தாலும் அறுபது ஆண்டுப் பழசு என்று தோன்றாததற்கு இதுவே காரணம்.

கருவிகளும் ராட்சதச் செட்டுகளும் போதும், இயான் ஃபிளெமிங் எழுதியதை எழுதியபடியே எடுப்போம் என்பது ஹண்டின் நிலை. அவர் கைக்கு வந்தது 1963-இல் வெளியான ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ நாவல். அதில் பாண்ட் காதலிக்கிறான், வேலையை விட நினைக்கிறான், கல்யாணம் செய்துகொள்கிறான். கல்யாணத்தன்றே அவளைப் பறிகொடுக்கிறான்.

இந்தக் கதைக்குக் கிடைத்த கதாநாயகன், நடிப்பு அனுபவமே இல்லாத ஆஸ்திரேலியர் ஜார்ஜ் லேசன்பி. சாக்லேட் விளம்பரத்தில் வந்த மாடல். கானரி தைக்கக் கொடுத்துவிட்டு வாங்காமல் விட்ட கோட்டை லண்டன் சாவில் ரோ தையல்காரரிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு, கானரி முடிவெட்டிக்கொள்ளும் கடையிலேயே முடியையும் வெட்டிக்கொண்டு அலுவலகத்தில் போய் நின்றவர். ஒத்திகைச் சண்டையில் எதிரே நின்ற ஸ்டண்ட்காரரின் மூக்கை நிஜமாகவே உடைத்துவிட்டார். வேடம் உறுதியானதற்கு அந்த முரட்டுத்தனமும் ஒரு காரணம் என்பார்கள். கதாநாயகனிடம் இல்லாத அனுபவத்தை ஈடுகட்டத் தேர்ந்த நாடக நடிகையான டயானா ரிக்கைக் கதாநாயகி டிரேசியாக ஒப்பந்தம் செய்தார்கள். வில்லன் புளோஃபெல்டாக டெல்லி சவாலஸ்.

படப்பிடிப்புக்கு வாய்த்த இடம் சுவிட்சர்லாந்தில் ஷில்ட்ஹார்ன் சிகரம். ஏறக்குறைய 2,970 மீட்டர் உயரத்தில் சுழலும் உணவகம் ஒன்று அப்போது கட்டப்பட்டு வந்தது. உள் அலங்காரத்துக்கும் ஹெலிகாப்டர் தளத்துக்கும் படக்குழு செலவழித்தது. பதிலுக்கு அங்கே படமெடுக்க அனுமதி கிடைத்தது. நாவலில் வில்லனின் கோட்டைக்கு ஃபிளெமிங் வைத்த பெயர் பிஸ் குளோரியா. உணவகம் இன்றுவரை அந்தப் பெயரிலேயே நடக்கிறது. பனிச்சறுக்குத் துரத்தல்களை ஜெர்மானியச் சறுக்கு வீரர் வில்லி போக்னர், பின்பக்கமாகச் சறுக்கியபடியே கையில் கேமரா பிடித்து எடுத்தார். முந்தைய பாண்ட் படப்பிடிப்பில் ஒரு பாதத்தை இழந்த ஜானி ஜோர்டான், ஹெலிகாப்டருக்கு அடியில் கட்டித் தொங்கவிட்ட இருக்கையில் உட்கார்ந்து மேலிருந்து படமெடுத்தார். பாப்ஸ்லெட் வண்டிச் சண்டையைப் படமாக்கிய செகண்ட் யூனிட் இயக்குநரும் படத்தின் எடிட்டரும் ஒருவரே: ஜான் கிளென். இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

படத்தின் நடுவே வரும் ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். பாண்ட் கோட்டையிலிருந்து தப்பி, இரவில் மலையிறங்கிக் கிராமத்துக்கு வந்துவிட்டான். கிறிஸ்துமஸ் நேரம். கூட்டம், பாட்டு, விளக்கு, குழந்தைகள். துரத்துபவர்கள் அதே கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். பனிக்கரடி வேடம் போட்ட ஒருவன் முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்துப் படமெடுக்க, பாண்ட் தூக்கிவாரிப் போட்டுத் திகைக்கிறான். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சறுக்குத் திடலின் ஓரத்தில் போய் உட்கார்கிறான். ஓடத் தெம்பில்லை, உதவிக்கு யாரும் இல்லை. முகத்தில் அப்பட்டமான பயம். தலைகுனிந்தே இருக்கிறான். சறுக்குக் காலணி அணிந்த இரண்டு கால்கள் எதிரே வந்து நிற்கின்றன. கேமரா மெல்ல மேலே போகிறது. டிரேசி.

பயந்துபோன பாண்டைக் கானரி படங்களில் தேடினாலும் கிடைக்காது. அவரிடம் அது முடியாது என்பதல்ல. அவரைச் சுற்றி எழுந்த பிம்பம் அதற்கு இடம் தரவில்லை. பேர் பெறாத, கொஞ்சம் தடுமாறுகிற லேசன்பியின் முகத்தில் அந்தப் பயம் அப்படியே நம்பும்படி இருக்கிறது. காப்பாற்ற வருபவள் கதாநாயகி. பனிச்சாலையில் காரை ஓட்டித் தப்பவைப்பவளும் அவளே.

கடைசிக் காட்சி வரிசையின் போக்குக்கே எதிரானது. கல்யாணம் முடிந்து மலர் சுற்றிய காரில் இருவரும் போகிறார்கள். பூக்களை எடுத்துவிட பாண்ட் சாலையோரம் நிறுத்துகிறான். எதிரியின் கார் கடந்து செல்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது. பாண்ட் பாய்ந்து காருக்குள் ஏறி, பின்தொடர்வோம் என்று திரும்பிப் பார்த்தால் அவள் நெற்றியில் குண்டு. மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கும் போலீஸ்காரரிடம், ஒன்றுமில்லை, அவள் கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள், எங்களுக்கு அவசரமே இல்லை என்கிற மாதிரி அவன் பேசுகிறான். முதல் டேக்கில் தனக்குக் கண்ணீர் வந்துவிட்டதாகவும், பாண்ட் அழமாட்டான் என்று ஹண்ட் மறுபடி எடுத்ததாகவும் லேசன்பி பின்னாளில் சொன்னார். கண்ணீர் இல்லாத டேக்கையே வைத்துக்கொண்ட முடிவு சரியானதே. ஓட்டை விழுந்த கண்ணாடியில் படம் முடிகிறது.

1969 டிசம்பர் 18-ஆம் தேதி லண்டனில் முதல் காட்சி. லேசன்பி நீண்ட முடியும் தாடியுமாக வந்து நின்றார். ‘ஈஸி ரைடர்’ வந்த ஆண்டு அது. கோட்டும் டையும் அணிந்து அரசாங்கத்துக்காகச் சுடுபவனின் காலம் போய்விட்டது என்று அவருடைய ஆலோசகர் அவரை நம்பவைத்திருந்தார். படம் வெளியாவதற்கு முன்பே, இனி பாண்டாக நடிக்கமாட்டேன் என்று அறிவித்தும்விட்டார். நாயகனே கைவிட்ட படத்தை விளம்பரம் செய்வது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு சிக்கல் நீளம்: 142 நிமிடம். ஒரு நாளைக்கு ஓட்டக்கூடிய காட்சிகள் குறைந்தன.

படம் தோற்றது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது உண்மையல்ல. 70 லட்சம் டாலரில் எடுத்த படம் போட்டதைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. பிரிட்டனில் நன்றாகவே ஓடியது. ஆனால் உலக வசூல் எரிமலைப் படத்தைவிடத் தெளிவாகக் குறைந்தது. பாண்ட் படங்களை வெளியிட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு இந்தச் சரிவே போதுமானதாக இருந்தது. தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது: காதலும் சாவும் வேண்டாம், கானரி வேண்டும், சிரிப்பு வேண்டும்.

இந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. வரிசைப் படத்தின் வசூல், பெரும்பாலும் அதற்கு முந்தைய படத்துக்குக் கிடைக்கும் கூலி. ‘தண்டர்பால்’ கொட்டிய பணம் ‘கோல்ட்ஃபிங்கர்’ சம்பாதித்துக் கொடுத்தது. தண்ணீருக்கடியில் மெதுவாக நகரும் நீண்ட சண்டைகளைக் கொண்ட ‘தண்டர்பால்’ தன் தகுதியால் மட்டும் அந்த உயரத்தைத் தொட்டிருக்காது. அந்தப் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றினால் 100 கோடி டாலரைத் தாண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். வரிசையின் உச்சங்களில் இன்றும் அதற்கு இடமுண்டு. அதே கணக்கில் 1969-இன் படம், முந்தைய படத்தின் அலுப்பையும் நகல்களின் நெரிசலையும் தன் தலையில் சுமந்தது.

இதற்கு நல்ல சாட்சி பின்னாளில் கிடைத்தது. முறைப்படி அந்தக் கட்டத்தை வேறு இதழில் பார்க்கப்போகிறோம் என்றாலும் இங்கே கொஞ்சம் எட்டிப் பார்ப்பது தப்பில்லை. 2006-இன் ‘கேசினோ ராயல்’ படத்தை 1969-இன் படத்துக்கு அருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் புதிய நடிகர், எதிர்ப்புக்கிடையே வந்தவர். இரண்டும் ஃபிளெமிங் கதைக்குத் திரும்பியவை, கருவிகளைக் குறைத்தவை. இரண்டிலும் பாண்ட் வேலையை உதறிவிடும் அளவுக்குக் காதலிக்கிறான். இரண்டிலும் அவள் சாகிறாள். நீளத்தில்கூட ஒற்றுமை: 1969-இன் 142 நிமிடத்தை 37 ஆண்டுகள் எந்தப் பாண்ட் படமும் மிஞ்சவில்லை, மிஞ்சியது 144 நிமிடம் ஓடிய ‘கேசினோ ராயல்’. முதலாவது ஏமாற்றம் என்று ஒதுக்கப்பட, இரண்டாவது 60 கோடி டாலரை நெருங்கியது. தரம் காரணமென்றால் இரண்டும் ஒரே மாதிரி ஓடியிருக்க வேண்டும்.

வேறுபாடு சூழலில் இருக்கிறது. 2002-இல் வந்த ‘டை அனதர் டே’ 43 கோடி டாலர் வசூலித்து அதுவரை வந்த பாண்ட் படங்களிலெல்லாம் அதிகம் சம்பாதித்திருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத காரையும் கம்ப்யூட்டரில் வரைந்த அலையில் சறுக்கும் பாண்டையும் பார்த்து வந்தவர்கள் வாய்விட்டே அலுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் ‘தி போர்ன் ஐடென்டிட்டி’ வந்து, வெறும் கையால் சண்டையிடும் ஒற்றனுக்கு மக்களின் கண்ணைப் பழக்கிவிட்டது. பிறகு நான்கு ஆண்டு இடைவெளி. டேனியல் கிரெய்க் வந்து நின்றபோது கூட்டம் மாற்றத்துக்குக் காத்திருந்தது. 1969-இன் கூட்டம் கானரிக்குக் காத்திருந்தது. இன்னும் ஒன்று: 2008-இல், திரைக்கதையாசிரியர்கள் வேலைநிறுத்தத்துக்கு நடுவே அரைகுறைக் கதையோடு எடுக்கப்பட்ட ‘குவாண்டம் ஆஃப் சொலஸ்’, கிட்டத்தட்ட ‘கேசினோ ராயல்’ அளவுக்கே வசூலித்தது. அந்தப் பணம் யார் சம்பாதித்தது என்பதில் சந்தேகமில்லை.

சரி, 1971-க்குத் திரும்புவோம். அமெரிக்க நடிகர் ஜான் கேவினை ஒப்பந்தம் செய்திருந்தும், கானரியைத்தான் கொண்டுவர வேண்டும் என்று யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பிடிவாதம் பிடித்தது. கேவினுக்குப் பணம் கொடுத்து அனுப்பினார்கள். கானரி கேட்டது 12.5 லட்சம் டாலர். அந்நாளில் மலைக்கவைக்கும் சம்பளம். அதைக்கொண்டு ஸ்காட்லாந்து இளைஞர்களின் படிப்புக்கு உதவும் அறக்கட்டளையை அவர் தொடங்கினார் என்பது மதிக்கத்தக்கது. படம் ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’.

தொடக்கத்தில் பாண்ட் புளோஃபெல்டைத் தேடி நாடு நாடாக ஆட்களை அடித்து விசாரிக்கிறான். ஏன் தேடுகிறான்? மனைவியைக் கொன்றதற்காக என்று முந்தைய படம் பார்த்தவர்கள் நினைத்துக்கொள்ளலாம். படம் அவள் பெயரை ஒருமுறைகூடச் சொல்வதில்லை. கானரியும் கோபமில்லாமல், வேலை முடிந்தால் சரி என்கிற முகத்தோடு வருகிறார். வேலையில் கவனம் போனதற்கு ஒரு காட்சி போதும். லாஸ் வேகாஸ் துரத்தலில் சிவப்பு மஸ்டாங் கார் குறுகலான சந்துக்குள் ஒரு பக்கச் சக்கரங்களில் சாய்ந்தபடி நுழைகிறது. வெளியே வரும்போது மறுபக்கச் சக்கரங்களில் சாய்ந்து வருகிறது. இரண்டு வெவ்வேறு நேரத்தில் எடுத்த ஷாட்டுகள். நடுவில் கார் சாய்வு மாறுவதாக ஒரு ஷாட்டைச் செருகிச் சமாளித்தார்கள். ஹண்ட் எடிட்டிங் மேசையில் இருந்த காலத்தில் இது நடந்திருக்காது. அவர் மறுபடி பாண்ட் படம் இயக்கவும் இல்லை.

வசூல் 11.6 கோடி டாலர். எரிமலைப் படத்தைத் தாண்டியது. ஆக, தீர்ப்பு சரி என்று உறுதியாகிவிட்டது. கானரி முகத்துக்காக வந்த கூட்டத்தை, கிண்டலுக்காக வந்த கூட்டம் என்று படித்தார்கள்.

ரோஜர் மூரின் வருகை இந்தப் படிப்பின் நேரடி விளைவு. 1973-இல் ‘லிவ் அண்ட் லெட் டை’ 16 கோடி டாலர் ஈட்டியது. ‘தி செயின்ட்’ தொலைக்காட்சித் தொடரால் மூரின் முகம் ஏற்கெனவே வீட்டு முகம். புருவத்தைத் தூக்கிச் சிரிக்கும் அவருடைய நடையும் முந்தைய படத்தின் கலகலப்போடு பொருந்தியது. நடிகர் மாறினார், சுவை மாறவில்லை. 1980 ஜனவரியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இந்தப் படம் ஒளிபரப்பானபோது 2 கோடியே 35 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு சினிமாவுக்குக் கிடைத்த அதிகபட்சக் கூட்டம் அது.

மறு ஆண்டே அவசரமாக வந்த ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ 10 கோடியைத் தொடவில்லை. முந்தைய படத்தின் கூலி அடுத்த படத்துக்கு என்று மேலே சொன்ன கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது. பார்த்துவிட்டு வந்தவர்கள் மற்றவர்களைத் தடுத்தார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். கிறிஸ்டோபர் லீ போன்ற வில்லன் கிடைத்தும், நடுவானில் சுழன்று ஆற்றைத் தாண்டும் கார் ஒரே டேக்கில் கிடைத்தும், அந்தச் சாகசத்தின்மேல் சீழ்க்கைச் சத்தத்தைப் பூசி வீணடித்த படம் அது. பின்னணி இசையமைத்த ஜான் பாரியே பிறகு அதற்காக வருந்தினார். அடுத்த ஆண்டு பணநெருக்கடியில் சால்ட்ஸ்மேன் தன் பங்கை விற்றுவிட்டு வெளியேற, பிராக்கொலி தனியாக நின்றார்.

தனியாக நின்றவர் எடுத்த ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’, மக்கள் கூட்டமும் தரமும் ஒன்றையொன்று விரட்ட வேண்டியதில்லை என்பதற்கு அழகான நிரூபணம். மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டார். கென் ஆடமின் நீர்மூழ்கிக் கப்பல் செட்டுக்கு இருக்கும் தளங்கள் போதவில்லை என்பதால் பைன்வுட்டில் புதிய மேடையே கட்டினார். அவ்வளவு பெரிய இடத்துக்கு ஒளியமைப்பது எப்படி என்று தெரியாமல் தவித்த ஆடம், ஸ்டான்லி குப்ரிக்கை ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையில் ரகசியமாக அழைத்துவந்து யோசனை கேட்டார்.

தொடக்கச் சாகசம் இன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கும். கனடாவின் பாஃபின் தீவில், ஆஸ்கார்டு மலை. 1976 கோடையில் ஜான் கிளென் தலைமையிலான சிறு குழு அங்கே நாள்கணக்கில் வானிலைக்காகக் காத்திருந்தது. ரிக் சில்வெஸ்டர் என்ற வீரர் சறுக்கிவந்து மலைவிளிம்பிலிருந்து வெட்டவெளியில் பாய்ந்தார். பல கேமராக்கள் வைத்திருந்தும் ஒன்றில்தான் முழுதாகப் பதிவானது. கழன்று விழுந்த சறுக்குக்கட்டை விரிந்துகொண்டிருந்த பாராசூட்டில் உரசியதை உற்றுப் பார்த்தால் படத்திலேயே காணலாம். அது சிக்கியிருந்தால் ஆள் பிழைத்திருக்கமாட்டார். படத்தில் அந்த நேரம் இசை அடங்கிவிடுகிறது. காற்றின் சத்தம் மட்டும். மனிதன் விழுந்துகொண்டே இருக்கிறான். பிறகு பாராசூட் விரிய, அதில் பிரிட்டிஷ் கொடி. எலிசபெத் அரசியின் வெள்ளி விழா ஆண்டு வேறு. தியேட்டர்களில் எழுந்து நின்று கைதட்டினார்கள். வசூல் 18.5 கோடி.

அந்தப் படத்தின் முடிவில், அடுத்து ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ என்று போட்டிருந்தார்கள். அதே 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து எல்லாக் கணக்கையும் மாற்றியது. அறிவித்த படத்தைத் தள்ளிவைத்துவிட்டு ‘மூன்ரேக்கர்’ எடுக்கப் போனார் பிராக்கொலி. முந்தையதைப்போல் இரு மடங்குக்கு மேல் செலவு. பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து விழும் பாண்ட், நடுவானில் இன்னொருவனிடமிருந்து பாராசூட்டைப் பறிக்கும் தொடக்கக் காட்சிக்காக வீரர்கள் 88 முறை குதித்தார்கள். எல்லாம் உண்மையான வானத்தில், தலைக்கவசத்தில் பொருத்திய கேமராவால் எடுத்தவை. அந்தச் சில நிமிடங்கள் வரிசையின் எந்தப் படத்துக்கும் ஈடு கொடுக்கும். ஆனால் அதே படத்தில், வெனிஸ் சதுக்கத்தில் தரையேறும் படகைப் பார்த்துப் புறா திடுக்கிட்டு மறுபடி திரும்பிப் பார்க்கிறது. முந்தைய படத்தில் குலைநடுங்க வைத்த இரும்புப்பல் வில்லன் ஜாஸ், குழந்தைகள் எழுதிய கடிதங்களுக்கு இணங்கி நல்லவனாகிக் காதலில் விழுகிறான். கடைசியில் விண்வெளியில் லேசர் போர்.

வசூல் 21 கோடி டாலர். 1995-இல் ‘கோல்டன்ஐ’ வரும்வரை எந்தப் பாண்ட் படமும் இந்தத் தொகையை எட்டவில்லை. இதையும் நான் மேலே சொன்ன கணக்கில்தான் வைக்கிறேன்: பாஃபின் தீவில் குதித்தவர் சம்பாதித்ததில் பெரும்பங்கு இங்கே வந்து சேர்ந்தது, மிச்சத்தை ‘ஸ்டார் வார்ஸ்’ கொடுத்தது.

இங்கே பிராக்கொலி செய்த காரியத்துக்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வரலாறு காணாத வசூல் கையில். அடுத்த படத்தை இன்னும் பெரிதாக எடுக்கச் சொல்லித்தான் எந்த விநியோகஸ்தரும் கேட்டிருப்பார். அவரோ இதற்கு மேல் போக இடமில்லை என்று உணர்ந்து தரைக்கு இறங்கினார். இயக்குநராகத் தேர்ந்தெடுத்தது ஜான் கிளெனை. 1969-இல் பனிச்சரிவில் பாப்ஸ்லெட் வண்டிகளைப் படமாக்கிய அதே கிளென். பனிச்சறுக்குக் காட்சிகளுக்கு வில்லி போக்னர் மறுபடி வந்தார். ஹண்ட் இல்லாமலேயே ஹண்டின் பட்டறை திரும்பி வந்தது.

‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ 1981-இல் வெளியானது. முதல் காட்சி ஒரு கல்லறை. பாண்ட் பூவோடு குனிகிறான். கல்லில் டிரேசியின் முழுப்பெயர்: டெரீசா பாண்ட், 1943–1969 என்று பொறித்திருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் யாரும் அழுத்திச் சொல்லாத இறப்பு, கல்லில் எழுத்தாக வந்து நிற்கிறது. அடுத்து, கருவிகள் நிறைந்த லோட்டஸ் கார் படத்தின் தொடக்கத்திலேயே வெடித்துச் சிதறுகிறது. பாண்ட் ஒரு சாதாரண மஞ்சள் சிட்ரோயன் காரில் தப்பிக்க வேண்டியிருக்கிறது. கிளைமாக்ஸ் கிரேக்கத்தின் மெடியோரா செங்குத்துப் பாறைகளில். கயிற்றில் தொங்கி ஒவ்வொரு பிடியாக ஏறுகிறான். மேலேயிருந்து ஆப்புகளைத் தட்டி எடுக்க அவன் சரிந்து விழும் அந்த வீழ்ச்சியைச் செய்தவர் பாஃபின் தீவின் அதே ரிக் சில்வெஸ்டர். படப்பிடிப்பை விரும்பாத மடத்துத் துறவிகள் துணிகளையும் பிளாஸ்டிக் தாள்களையும் தொங்கவிட்டுக் காட்சியைக் கெடுக்கப் பார்த்தார்கள். அந்தச் சிரமத்தோடுதான் எடுத்து முடித்தார்கள்.

வசூல் 19.5 கோடி டாலர். விண்வெளி இல்லை, லேசர் இல்லை, செலவும் குறைவு. ‘மூன்ரேக்கரை’விடச் சற்றுத்தான் கீழே. ‘ஹெவன்ஸ் கேட்’ படத்தின் பெருந்தோல்வியால் தள்ளாடிக்கொண்டிருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு இந்தப் பணம் பெரிய ஆறுதல்.

1969-இல் கூட்டம் மறுத்ததை 1981-இல் ஏன் ஏற்றுக்கொண்டது என்பதற்கு எனக்குத் தெரியும் விடை இது. அன்று முகமும் மாறியது, சுவையும் மாறியது, இரண்டும் ஒரே நாளில். 1973-இல் முகம் மட்டும் மாறியது. சுவை அப்படியே இருந்தது. 1981-இல் முகம் அதே மூர். சுவை மட்டும் மாறியது. பழகிய ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டால், பாண்டின் துக்கத்தைக்கூடக் கூட்டம் பொறுமையாகப் பார்க்கிறது. 2006-இல் இரண்டும் சேர்ந்து மாறியும் பலித்தது என்றால், நான்கு ஆண்டு இடைவெளியும் போர்ன் படங்களும் அந்தப் பிடியைக் கொடுத்திருந்தன.

ஹண்டின் படத்துக்கு வர வேண்டிய மரியாதை மெதுவாக வந்தது. தனக்கு மிகவும் பிடித்த பாண்ட் படம் அதுவே என்று சொன்ன கிறிஸ்டோபர் நோலன், 2010-இன் ‘இன்செப்ஷன்’ படத்தில் பனிமலைக் கோட்டைத் தாக்குதலை அதன் சாயலிலேயே எடுத்தார். திரைமொழி என்று பார்த்தால் வரிசையில் அதுவே முதலிடம் என்று ஸ்டீவன் சோடர்பெர்க் எழுதினார். 2021-இல் கிரெய்கின் கடைசிப் படமான ‘நோ டைம் டு டை’, ஜான் பாரியின் 1969 இசையையும் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய காதல் பாட்டையும் எடுத்துத் தன் கதைக்குள் வைத்துக்கொண்டது. பீட்டர் ஹண்ட் 2002-இல் காலமானார். இவற்றில் எதையும் அவர் பார்க்கவில்லை.

அடுத்த இதழில் 1983. ஒரே ஆண்டில் இரண்டு பாண்டுகள் மோதிய கதை: ஒரு பக்கம் உரிமை வழக்கின் துணையோடு திரும்பி வந்த கானரியின் ‘நெவர் சே நெவர் அகெய்ன்’, இன்னொரு பக்கம் உதய்பூர் ஏரி அரண்மனையில் எடுத்த மூரின் ‘ஆக்டோபுசி’, அதில் ஆட்டோ ரிக்‌ஷா ஓட்டிவரும் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்.

(தொடரும்)